முகூர்த்தமும் முத்திரையும்

திருமணம் ஆயிரங்காலத்துப் பயிர் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. அப்பயிருக்கு நாள் பார்த்து, கோள் பார்த்து, பொருத்தம் பத்தும் பார்த்து வித்திடுவதில் நம்மவர்க்கு நிகர் நம்மவரே. பிழைப்பை நாடி வடபுலம் வந்து தலைமுறை இரண்டு மூன்று ஆகியும் பஞ்சாங்கத்தை நாம் கைவிட்டோமில்லை. ஆயினும் இன்று நம் இல்லத் திருமணங்கள் பல, பஞ்சாங்கத்தால் மட்டும் நிறைவு பெறுவனவாக இல்லை. நம் தந்தையர் திருச்சியிலும் விழுப்புரத்திலும் வண்டியேறி, நாகபுரியிலும் கரக்பூரிலும் மும்பையிலும் இறங்கினர். நம் பிள்ளைகளோ அவ்வூர்களிலிருந்து வானூர்தி ஏறி, அமெரிக்காவிலும் கனடாவிலும் சிங்கப்பூரிலும் இறங்கிவிட்டனர். சென்ற இடத்தில் வேலை பெற்று, வீடு பெற்று, சிலர் அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றுவிட்டனர். அவர்க்குப் பெண் பார்ப்பதும், அவர்க்குப் பெண் கொடுப்பதும் நம் சங்கக் குடும்பங்களில் ஆண்டுதோறும் நடந்து வருகின்றன.

இத்தகைய திருமணங்களில் முகூர்த்தம் குறிக்கும்போது காட்டும் கவனத்தில் கால் பங்கேனும் ஆவணங்களில் காட்டப்படுவதில்லை. மணம் முடிந்து, மாலை வாடி, விருந்தினர் ஊர் திரும்பிய பின்னரே, ‘அந்தச் சான்றிதழ் வேண்டுமாம், இந்த முத்திரை இல்லையாம்’ என்று அலைச்சல் தொடங்குகிறது. சரக்கு நிலையத்திற்கு வந்து சேர்ந்திருப்பினும், அதற்குரிய ரசீது கையில் இல்லாதவர் அதனை எளிதில் பெற்றுச் செல்ல இயலாது என்பதை இருப்புப்பாதை அலுவலில் உள்ள நாம் நன்கறிவோம். கடல் கடந்த திருமணத்தின் நிலையும் அதுவே. இங்கே நிகழ்ந்த மணத்தை அங்கேயுள்ள அதிகாரி கண்ணால் கண்டவரல்லர். தாளைக் கண்டுதான் அவர் நம்புதல் வேண்டும்.

இரட்டைக் குடியுரிமை என்பது உண்டா?

‘மாப்பிள்ளைக்கு இரண்டு குடியுரிமை, அமெரிக்காவும் உண்டு, இந்தியாவும் உண்டு’ என்று பெருமையுடன் கூறக் கேட்கிறோம். இந்தியாவைப் பொறுத்தவரை இக்கூற்று பொருந்தாது. நமது அரசியலமைப்பின் 9ஆம் பிரிவும், 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவும் ஒன்றையே கூறுகின்றன: தன் விருப்பத்தால் வேறொரு நாட்டின் குடியுரிமையைப் பெற்றவர் இந்தியக் குடிமகனாக நீடிப்பதில்லை. அவர் தம் இந்தியக் கடவுச்சீட்டையும் ஒப்படைத்துவிடல் வேண்டும். பழைய பாஸ்போர்ட்டைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்து, இந்தியராகவே பயணம் செய்வது சட்டமீறலாகும்.

அப்படியாயின், நம் பிள்ளைகள் கையில் வைத்திருக்கும் அட்டை யாது? அது ஓ.சி.ஐ. எனப்படும் கடல்கடந்த இந்தியர் அட்டை. 2005ஆம் ஆண்டில் இத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. பெயரில் குடிமகன் என்ற சொல் இருப்பினும், அது குடியுரிமை தருவதன்று. வாழ்நாள் முழுதும் பன்முறை இந்தியா வந்து செல்லும் உரிமையை அது தருகிறது. வேறு சில சலுகைகளும் உண்டு. ஆனால் வாக்குரிமை இல்லை; விளைநிலம் வாங்கும் உரிமையும் இல்லை. எனவே, நம் பதிவு அலுவலகத்தின் ஏடுகளில் அப்பிள்ளை அயல்நாட்டுக் குடிமகனே ஆவான்.

நாட்டுக்கு நாடு இம்முறை வேறுபடும். இலங்கை 1987ஆம் ஆண்டு முதல் இரட்டைக் குடியுரிமைக்குச் சட்டப்படி இடமளித்து வருகிறது. ஆதலின், இலங்கைக் கடவுச்சீட்டும் கனடியக் கடவுச்சீட்டும் ஒருங்கே முறைப்படி உடைய ஈழத் தமிழர் உளர். சிங்கப்பூரும் மலேசியாவும் நம் நாட்டைப் போலவே இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஆகவே, சம்பந்தம் பேசும்போதே தெளிவாகக் கேட்டறிய வேண்டிய முதல் வினா இது: மணமகனும் மணமகளும் இன்று எந்நாட்டுக் கடவுச்சீட்டின்மீது பயணம் செய்கின்றனர்? இதற்கு விடை கிடைத்த பின்னரே, எந்தச் சட்டம், எந்த அலுவலகம், எத்தனை நாள் என்பனவற்றை வரையறுக்க இயலும்.

மணம் இந்தியாவில் நடைபெறுமாயின்

மணமக்கள் இருவரும் இந்துக்களாயின், 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டப்படி, தத்தம் குல வழக்கத்தின் சடங்குகளோடு மணம் நிகழ்த்தி, அதே சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி பதிவு செய்துகொள்ளலாம். கிறிஸ்தவர்க்கு 1872ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. இவையன்றி, தமிழ்நாட்டில் நடைபெறும் எச்சமயத்தார் திருமணத்தையும் பதிவு செய்தல் வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் கூறுகிறது. மணநாளிலிருந்து 90 நாட்களுக்குள் பதிதல் வேண்டும். தவறினால், கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாட்கள் உண்டு.

நம்மனோர் இடர்ப்படுவது இங்கேதான். குடும்பம் நாகபுரியில், திருமணம் கும்பகோணத்தில். மணம் முடிந்த மூன்றாம் நாள் விடுப்புத் தீர்ந்து அனைவரும் வண்டியேறி விடுகிறோம். மாப்பிள்ளையோ வானூர்தி ஏறி விடுகிறார். பின்னர்ப் பதிவுக்கென்று மணமக்களையும் சாட்சிகளையும் மீண்டும் ஓரிடத்தில் கூட்டுவது எத்துணை அரிது! ஆகையால், திரும்பும் பயணச்சீட்டு எடுக்குமுன்னரே, மணம் நடக்கும் இடத்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நாள் கேட்டு வைத்தல் நலம். மண்டபத்தின் ரசீது, அழைப்பிதழ், தாலி கட்டும் வேளையில் எடுத்த நிழற்படம் ஆகியவற்றையும் அன்றே ஒரு உறையிலிட்டு வைத்தல் வேண்டும். மணமக்களில் ஒருவர் அயல்நாட்டுக் குடிமகன் என்பதையும் முன்கூட்டியே அவ்வலுவலகத்தில் தெரிவித்து, எவ்வெச் சான்றுகள் வேண்டும் என எழுதி வாங்கிக்கொள்க.

சமயம் வேறுபட்ட இருவர் மணப்பதற்கும், சடங்கின்றிச் சட்டமுறையில் மணக்க விரும்புவோர்க்கும், 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம் உண்டு. இதில் நாட்கணக்கு மிக முக்கியம். முன்னறிவிப்புத் தரும் நாளுக்கு முன்னர், இருவருள் ஒருவரேனும் அம்மாவட்டத்தில் 30 நாட்களுக்குக் குறையாமல் வசித்திருத்தல் வேண்டும். அறிவிப்பு ஒட்டப்பட்ட பின் 30 நாட்கள் மறுப்புக்காகக் காத்திருத்தல் வேண்டும். மறுப்பில்லையேல், மூன்று சாட்சிகள் முன்னிலையில் மணம் முடிக்கலாம். அறிவிப்பு நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் மணம் முடியாவிடில் அறிவிப்பு காலாவதியாகும். மூன்று வார விடுப்பில் வரும் பிள்ளை, வந்திறங்கிய பின் இவ்வழியைத் தொடங்கினால் முடிப்பது எங்ஙனம்? பெண் வீட்டார் நெடுநாள் வசிக்கும் ஊர் நாகபுரியாயின், பெண்ணின் வசிப்பிடத்தைக் கொண்டு அங்கேயே அறிவிப்புத் தரலாம். பிறந்த ஊரைத் தேடிச் செல்ல வேண்டுவதில்லை. ஆயினும், அறிவிப்பில் இருவர் கையொப்பமும் வேண்டும் என்பதை மறத்தலாகாது.

சீர்திருத்தத் திருமணத்தை விரும்பும் குடும்பங்களும் நம்மிடையே பல. புரோகிதர் இன்றி, உற்றார் முன்னிலையில் மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ நடக்கும் மணத்தைச் செல்லத்தக்கதாக்கிய 7-ஏ பிரிவு, அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்த 1967ஆம் ஆண்டில் தமிழ்நாடு சட்டமன்றம் இயற்றிய திருத்தமாகும். தமிழ்நாட்டுத் திருத்தமாதலின், பிற மாநிலத்தில் நம் சங்க மண்டபத்தில் நடக்கும் அத்தகைய மணத்திற்கு அதனைத் துணையாகக் கொள்ள இயலாது. அங்ஙனம் மணம் புரிவோர் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் மணத்தை முடித்துக்கொள்வதே ஐயத்திற்கு இடமற்ற வழி.

முத்திரை மட்டும் போதுமா?

விசாவிற்குக் காலம் போதாது என்று அஞ்சி, ‘முதலில் பதிந்து சான்றிதழ் வாங்கிவிடுவோம்; சடங்கை ஆறு மாதம் கழித்துச் செய்வோம்’ என்போரும் உளர். 2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் உச்ச நீதிமன்றம் இதனைத் தெளிவாக்கிவிட்டது. இந்து திருமணச் சட்டத்தின்கீழ், உரிய சடங்குகளோடு மணம் நிகழாதிருக்க, பதிவுச் சான்றிதழ் மட்டும் கணவன் மனைவி என்னும் நிலையைத் தந்துவிடாது என்பது அத்தீர்ப்பின் சாரம். நடந்த மணத்திற்குச் சான்று பகர்வதே பதிவு. நடவாத மணத்தை அது உண்டாக்காது. சடங்குக்கு முன்னரே சட்டப்படி மணம் புரிய வேண்டியவர், சிறப்புத் திருமணச் சட்டத்தையே நாடுதல் வேண்டும். ஆகவே, முத்திரையற்ற முகூர்த்தமும் குறை. முகூர்த்தமற்ற முத்திரையும் குறை.

இதற்கு நேர்மாறான இடர் ஒன்றும் உண்டு. அமெரிக்கக் குடிமகன் ஒருவர், தாம் மணக்கவிருக்கும் பெண்ணை அந்நாட்டுக்கு அழைத்துச் சென்று மணப்பதற்கு ‘கே-1’ என்னும் விசா இருக்கிறது. சென்றிறங்கிய 90 நாட்களுக்குள் அங்கே மணம் முடித்தல் வேண்டும். இவ்விசா இன்னும் மணமாகாதவர்க்கு உரியது. உற்றார் மகிழக் கோயிலில் தாலி கட்டி முடித்துவிட்டு, ‘இன்னும் மணமாகவில்லை’ என்று விண்ணப்பத்தில் எழுதுவது பொய்யுரையாகும். பின்னர் அது பெருந்துன்பமாய் முடியலாம். மணமானவர் மனைவிக்குரிய மனுவின்வழியே செல்லுதல் முறை. எவ்விசாவின்வழிச் செல்வது என்பதை முடிவு செய்த பிறகே முகூர்த்தம் குறித்தல் வேண்டும்.

மணம் கடலுக்கு அப்பால் நடைபெறுமாயின்

மணமக்களுள் ஒருவரேனும் இந்தியக் குடிமகனாக இருப்பின், 1969ஆம் ஆண்டு அயல்நாட்டுத் திருமணச் சட்டப்படி, அந்நாட்டிலுள்ள நம் தூதரகத்தின் திருமண அலுவலர் முன் மணம் புரியலாம். அங்கும் 30 நாள் வசிப்பு, 30 நாள் முன்னறிவிப்பு, மூன்று சாட்சிகள் என்னும் விதிகள் உண்டு. மணமகனுக்கு 21 வயதும் மணமகளுக்கு 18 வயதும் நிரம்பியிருத்தல் வேண்டும். அந்நாட்டுச் சட்டப்படி ஏற்கெனவே மணம் புரிந்தோர், அச்சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி அம்மணத்தைத் தூதரகத்தில் பதிந்துகொள்ளவும் இடமுண்டு. ஆனால் இருவருமே அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றவராயின், இருவர் கையிலும் ஓ.சி.ஐ. அட்டை இருப்பினும், இச்சட்டம் அவர்க்கு உதவாது. அவர்கள் அந்நாட்டுச் சட்டத்தையே சார்தல் வேண்டும்.

அந்நாட்டுச் சட்டங்களும் கோயில் சடங்கை மட்டும் ஏற்பவை அல்ல. சிங்கப்பூரில் 1961 செப்டம்பர் 15 முதல், முஸ்லிம்கள் ஒழிந்த ஏனையோர் திருமணங்கள் மகளிர் சாசனம் என்னும் சட்டத்தின்படி நடைபெறுதல் வேண்டும். மலேசியாவில் 1976ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 1982 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருமண, மணவிலக்குச் சட்டம் அவ்வாறே பதிவைக் கட்டாயமாக்கியது. மலேசியக் குடிமகன் ஒருவர் இந்தியா வந்து மணம் புரிந்தால், ஆறு மாதங்களுக்குள் தம் நாட்டுப் பதிவாளரிடமும் அதனைப் பதிதல் வேண்டும். அமெரிக்காவிலோ, திருமண உரிமச் சீட்டு முதலிய விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடும். ஒரு மாநிலத்தில் மணந்த உறவினர் சொல்வதை மற்றொரு மாநிலத்திற்குப் பொருத்துதல் கூடாது.

ஆவணமும் அதன் பயணமும்

எவ்வழியாயினும் கடவுச்சீட்டு, பிறந்த நாட்சான்று, முகவரிச் சான்று, நிழற்படங்கள், மணமாகாதவர் என்னும் சான்று ஆகியவை பெரும்பாலும் கேட்கப்படும். முன்னர் மணமாகிப் பிரிந்தவராயின் நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பாணையும், துணையை இழந்தவராயின் இறப்புச் சான்றும் வேண்டும். மணமாகாதவர் என்னும் சான்றை எல்லா நாடுகளும் ஒரே வகையில் தருவதில்லை. சிங்கப்பூரில் திருமணப் பதிவேட்டைத் தேடிப் பார்த்துச் சான்று தருவர். அமெரிக்காவில் நாடு முழுமைக்கும் அத்தகைய பதிவேடு இன்மையால், உறுதிமொழிந்து கையொப்பமிடும் பிரமாணப் பத்திரமே வழக்கம். நம் நாட்டிலும் முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி முன் ஒப்பமிடும் பிரமாணப் பத்திரமே பெரிதும் கேட்கப்படுகிறது.

ஒரு நாட்டின் தாளை மற்றொரு நாடு ஏற்பதற்கு அதன்மேல் ஒரு மேற்சான்று வேண்டும். ஹேக் நகரில் 1961ஆம் ஆண்டு கையெழுத்தான உடன்படிக்கையின்படி அமைந்த இச்சான்றுக்கு ‘அப்போஸ்டில்’ என்று பெயர். இந்தியாவில் இவ்வுடன்படிக்கை 2005 ஜூலை 14 முதல் நடைமுறையில் உள்ளது. முதலில் சான்றிதழ் வழங்கிய மாநில அரசின் உரிய துறை ஒப்பமிடும். அதன் பின்னர் நடுவண் அரசின் வெளியுறவு அமைச்சகம் அப்போஸ்டில் முத்திரை ஒட்டும். சிங்கப்பூர் 2021ஆம் ஆண்டிலும், கனடா 2024 ஜனவரியிலும் இம்முறைக்கு வந்தன. உடன்படிக்கையில் சேராத நாட்டுக்குச் செல்லும் தாளுக்கு அந்நாட்டுத் தூதரகத்தின் சான்றொப்பமும் தனியே தேவை. தமிழ்நாட்டில் பெற்ற சான்றிதழுக்குத் தமிழ்நாட்டரசின் ஒப்பமே வேண்டுமன்றி, நாம் குடியிருக்கும் மாநிலத்தின் ஒப்பம் பயன்படாது. ஆதலால், ஊரிலிருந்து திரும்புமுன் சான்றிட்ட நகல்கள் இரண்டு மூன்று கூடுதலாகப் பெற்று வருக.

பெயரும் தலைப்பெழுத்தும்

தமிழர்க்கே உரிய தொல்லை ஒன்று உண்டு, அது தலைப்பெழுத்து. நமக்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னிற்கிறது. வடபுலப் பள்ளியில் அவ்வெழுத்தை விரித்துத் தந்தை பெயரைப் பின்னே சேர்த்தனர். கடவுச்சீட்டில் அது குடும்பப்பெயர் ஆயிற்று. பிறப்புச் சான்றிலோ பெயரே எழுதப்படாமல் ‘ஆண் மகவு’ என்றிருக்கிறது. ஒரே பிள்ளை மூன்று தாள்களில் மூன்று மனிதராகிவிடுகிறான். குடும்பப் பாஸ் எழுதும்போது ஓர் எழுத்து மாறினும் அலுவலகத்தில் வினா எழுவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். அறிமுகமற்ற அயல்நாட்டு அதிகாரி வினவாமல் விடுவரோ? கடவுச்சீட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து மாறாமல், திருமணச் சான்றிதழிலும் பெயர் எழுதச் செய்க. வேறுபாடு உள்ள பழைய தாள்களை மணத்திற்குப் பல திங்கள் முன்னரே திருத்திக்கொள்க. மணமான பின் பெண்ணின் பெயரை மாற்றும் அவசரமும் வேண்டா. மாற்றினால் எல்லாத் தாள்களிலும் ஒருங்கே மாற்றுதல் வேண்டும்.

பெண்ணைப் பெற்றோர்க்கு ஒரு சொல்

இவ்வளவும் கூறியது அதிகாரிகளை நிறைவு செய்வதற்கு மட்டுமன்று. தாயகத்தில் தாய்மாமனும் சித்தப்பாவும் ஊராரும் சாட்சி. அயல்நாட்டில் நம் பெண்ணுக்கு அத்தாளே சாட்சி. கணவன் கைவிட்டாலும், மணமே நடக்கவில்லை என்று மறுத்தாலும், எதிர்பாராது மறைந்தாலும், அவள் உரிமையை நிலைநாட்டுவது முத்திரையிட்ட சான்றிதழே. இதனை உணர்ந்தே 2006ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்யும் விதிகளை மாநிலங்கள் வகுத்தல் வேண்டும் எனப் பணித்தது. 1991ஆம் ஆண்டில் மற்றொரு வழக்கில், திருப்பதியில் இந்து முறைப்படி நடந்த திருமணத்தை அமெரிக்க நீதிமன்றம் ஒன்று முறித்துத் தந்த ஆணை இங்கே செல்லாது என்று தீர்ப்பளித்தது. 2024 பிப்ரவரியில் சட்ட ஆணையமும் தன் 287ஆம் அறிக்கையில், வெளிநாடு வாழ் இந்தியர், ஓ.சி.ஐ. அட்டையாளர் ஆகியோர் இந்தியக் குடிமக்களோடு செய்துகொள்ளும் திருமணங்களைக் கட்டாயம் பதிதல் வேண்டும் எனப் பரிந்துரைத்தது.

அயல்நாட்டிற் பிறந்த மருமகளோ மருமகனோ பிற்காலத்தில் ஓ.சி.ஐ. அட்டை பெற விரும்பினும், மணம் பதிவாகியிருத்தலும், விண்ணப்பிக்குமுன் இரண்டாண்டுகள் இடையறாது நீடித்திருத்தலும் வேண்டும் என்பது சட்டம். அங்கும் முதலில் கேட்கப்படுவது அதே சான்றிதழே.

‘சம்பந்தியிடம் தாள் கேட்பதா? நம்பிக்கையின்மை என்று எண்ணமாட்டார்களா?’ எனப் பெரியோர் தயங்குகின்றனர். ஜாதகம் கேட்பது குற்றமன்று எனில், கடவுச்சீட்டின் நகலைக் கேட்பது எங்ஙனம் குற்றமாகும்? கோத்திரம் கேட்கிறோம், நட்சத்திரம் கேட்கிறோம். எந்நாட்டுக் குடிமகன், எவ்வகை விசாவில் இருக்கிறார், முன்னர் மணமானவரா, ஆயின் விலக்காணை எங்கே என்று கேட்பதில் இழுக்கு யாதுமில்லை. நல்ல குடும்பத்தார் இவ்வினாக்களை மகிழ்ந்தே ஏற்பர். தம் மகளைக் கொடுக்கும்போது அவர்களும் இவற்றையே கேட்பரன்றோ?

ஆகவே அன்பர்காள், வரிசை இதுவாக இருக்கட்டும். முதலில் கடவுச்சீட்டைக் காண்க. அடுத்து எந்நாட்டில் வாழ்வர், எவ்விசாவிற் செல்வர் என்பதைத் துணிக. பின்னர்ச் சட்டத்தைத் தெரிக. அதற்குரிய நாட்களை எண்ணுக. அதன்மேல் பஞ்சாங்கத்தை விரித்து முகூர்த்தம் குறிக்க. மணம் முடிந்ததும் பதிவு செய்து, மேற்சான்று பெற்று, மூலச் சான்றிதழை மணமகள் கையிலேயே கொடுக்க. சீர்வரிசைத் தட்டுகளோடு அதுவும் ஒரு சீராகப் போகட்டும். நகை விற்றுப் போகலாம். பட்டு நைந்து போகலாம். அத்தாளோ எந்நாட்டிலும் அவள் நிலையைக் காத்து நிற்கும்.